வாசகர் கேள்வி – பதில்: கத்தோலிக்கக் கல்லூரியில் உரை கேட்கப் போகலாமா?

போன இதழில் ஒரு பதிலின் கடைசியில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் நடத்தும் பொது உரைகளுக்கும் கருத்தரங்குகளுக்கும் நேரம் கிடைக்கும்போது போய்க் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. தயக்கம், கோபம், ஆர்வம் எல்லாம் கலந்து வந்திருக்கின்றன. ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

நான் இந்து, பணி ஓய்வு பெற்றவன். வீட்டுக்கு அருகில் உள்ள கத்தோலிக்கக் கல்லூரி வாசலில் ‘பொது உரை, அனைவரும் வருக’ என்று அடிக்கடி பலகை வைக்கிறார்கள். உள்ளே போனால் மதப் பிரசங்கமாக இருக்குமோ என்று தயங்கியே பல உரைகளைத் தவறவிட்டுவிட்டேன். போகலாமா?

தாராளமாகப் போங்கள் ஐயா. ‘பொது’ என்று போட்டுவிட்டால் அது பொதுதான், வாசலில் நின்று யாரும் உங்கள் மதத்தைக் கேட்கப் போவதில்லை. மறையுரை வேறு, பொது உரை வேறு. மறையுரை கிறிஸ்தவக் கோயிலில், திருப்பலி என்ற வழிபாட்டின் நடுவே நிகழ்வது. அங்கே எழுந்து நின்று ‘இதை நான் ஏற்கவில்லை’ என்று சொல்ல இடமில்லை. பொது உரை கல்லூரி அரங்கில் நடப்பது. பேசி முடித்ததும் கேட்டவர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் அதை ஏற்பாடே செய்கிறார்கள்.

தலைப்பும் இறையியலாக மட்டும் இருக்காது. மருத்துவ அறம், புலம்பெயர்ந்தோர், பொருளாதாரம், இலக்கியம், செயற்கை நுண்ணறிவு என்று எதுவும் இருக்கலாம். 2015-இல் திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் சுற்றுச்சூழலைப் பற்றி ‘லௌதாத்தோ சீ’ என்ற திருமடலை வெளியிட்ட பிறகு பருவநிலை மாற்றமும் இந்த மேடைகளின் வழக்கமான தலைப்பாகிவிட்டது, அதைப் பேச அறிவியலாளர்களையும் அழைக்கிறார்கள்.

தொடக்கத்தில் ஒரு சிறு செபம் இருக்கலாம். அமைதியாக இருந்தால் போதும், நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை. அறிவிப்பில் ‘முன்பதிவு தேவை’ என்று இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

முதுகலை மாணவி நான். பொது உரை, கருத்தரங்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் பேராசிரியர் கருத்தரங்குக்கு வரச் சொல்லி முப்பது பக்கக் கட்டுரையை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்.

அனுப்பியிருக்கிறார் என்றால் நல்ல கருத்தரங்கு என்று அர்த்தம். பொது உரையில் ஒருவர் பேசுவார், நூறு பேர் கேட்பார்கள், அந்தத் துறை தெரியாதவர்களுக்கும் புரியும்படி பேச வேண்டியது பேச்சாளரின் பொறுப்பு. கருத்தரங்கில் பொறுப்பு உங்கள் பக்கமும் வந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் முன்பே படித்துவிட்ட ஒரு கட்டுரையைப் பிரித்து ஆராய்வார்கள். கட்டுரையாளர் பத்து நிமிடம் சுருக்கம் சொல்வார், அப்புறம் வேறொருவர் விமர்சனமாகப் பேசுவார், மீதி நேரமெல்லாம் விவாதம்தான். படிக்காமல் போனால் ஒன்றும் பிடிபடாது, போனதே வீண் என்று தோன்றும்.

முப்பது பக்கத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் படித்து, ஆசிரியர் எதை நிறுவப் பார்க்கிறார் என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டு நடுப்பகுதிக்குப் போங்கள். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் அதுவே உங்கள் முதல் கேள்வி.

சில கருத்தரங்குகளில் தொடங்கும் முன்பே ‘சாத்தம் ஹவுஸ் விதி’ பொருந்தும் என்று அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள பன்னாட்டு விவகார நிறுவனம் ஒன்று 1927-இல் வகுத்த விதி அது: அங்கே கேட்ட தகவலை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் அதை யார் சொன்னார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதைச் சொல்லக் கூடாது. மனம் விட்டுப் பேச வைப்பதற்கான ஏற்பாடு. அறிவித்திருந்தால் மதித்து நடந்துகொள்ளுங்கள்.

மதம் நடத்தும் கல்லூரியில் சுதந்திரமான சிந்தனை எப்படி இருக்க முடியும்? விடை முன்பே முடிவாகிவிட்ட இடத்தில் கேள்வி நேரம் என்பது வெறும் சடங்குதானே?

கோபமாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

13-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போவோம். அங்கே இறையியல் ஆசிரியர்கள் ஆண்டுக்கு இரண்டு பருவங்களில், கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும், ‘குவாட்லிபெட்’ என்ற பொது விவாதத்தை நடத்துவார்கள். வழக்கமான விவாதத்தில் தலைப்பை ஆசிரியர் தேர்ந்தெடுப்பார். குவாட்லிபெட்டில் அப்படி இல்லை, அவையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம். முதல் அமர்வில் கேள்விகளும் மறுப்புகளும் கொட்டும், பிறகு இன்னொரு நாளில் ஆசிரியர் அவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தன் தீர்வைச் சொல்ல வேண்டும். ஆசிரியருக்குப் பிடிக்காதவரும் அங்கே உட்கார்ந்திருப்பார், அவரை மடக்குவதற்கென்றே கேள்வியோடு வந்தவரும் உட்கார்ந்திருப்பார். கடவுளின் இயல்பு முதல் அன்றாட வாழ்க்கைச் சிக்கல்கள் வரை கேட்டிருக்கிறார்கள். உண்மை, மது, அரசன், பெண் – இவற்றில் எது வலிமையானது என்ற கேள்விக்குக்கூட அந்த நூற்றாண்டின் பெரிய இறையியலாளரான புனித தாமஸ் அக்குவினாஸ் பொறுமையாகப் பதில் சொன்னது பதிவாகியிருக்கிறது.

அவரிடம் வந்த இன்னொரு கேள்விதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இறையியல் ஆசிரியர் ஒரு கேள்விக்குத் தீர்வு சொல்லும்போது சான்றோரின் அதிகாரத்தைக் காட்டினால் போதுமா, அல்லது காரண காரியத்தோடு விளக்க வேண்டுமா என்று கேட்டார்கள். விவாதத்தின் நோக்கத்தைப் பொறுத்தது என்றார் அவர். ஒன்று உண்மையா இல்லையா என்ற ஐயத்தைத் தீர்ப்பதுதான் நோக்கம் என்றால், இரு தரப்பும் ஏற்கும் அதிகார நூல்களைக் காட்டலாம். மாணவருக்குப் புரிய வைப்பது நோக்கம் என்றால் உண்மையின் வேர் வரை போகும் காரணங்களைச் சொல்லியாக வேண்டும். வெறும் அதிகாரத்தைக் காட்டி முடித்துவிட்டால், ‘இது இப்படித்தான்’ என்பது கேட்பவருக்கு உறுதிப்படும், ஆனால் அறிவோ புரிதலோ எதுவும் சேராமல் வெறுங்கையோடு போவார் என்பது அவர் பதிலின் சாரம். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. இன்றைக்கும் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் உரையை எடைபோட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

‘சும்மா தியோலஜியே’ என்ற அவருடைய பெருநூலின் கட்டமைப்பும் அதே மாதிரிதான். ஒவ்வொரு பிரிவிலும் முதலில் எதிர்த்தரப்பின் வாதங்கள் வரும், அதுவும் எவ்வளவு வலுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு வலுவாக. பிறகு அதற்கு மாறான ஒரு மேற்கோள், அப்புறம் அவருடைய விளக்கம், கடைசியில் முதலில் சொன்ன ஒவ்வொரு வாதத்துக்கும் தனித்தனிப் பதில். பரபக்கம் (எதிர்த்தரப்பு), சுபக்கம் (தன் தரப்பு) என்று பிரித்து வாதிக்கும் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இது அந்நியமாகத் தெரியாது. ஆக, கேள்வி கேட்பது இந்தக் கல்லூரிகளுக்கு வெளியிலிருந்து வந்த புதுப் பழக்கம் இல்லை. அது அவர்களுடைய பழைய சொத்து. கேள்வியை ஒடுக்கும் கத்தோலிக்கக் கல்லூரி தன் மரபையே விட்டுக்கொடுக்கிறது.

சரி, எல்லையே இல்லையா என்றால், இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 15-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று ‘எக்ஸ் கோர்தே எக்லேசியே’ என்ற சட்ட ஏட்டை வெளியிட்டார். கல்விச் சுதந்திரத்துக்கு அது உறுதி தருகிறது. அதே மூச்சில், உண்மை, பொதுநலன் என்ற வரம்புக்குள் என்றும் சொல்கிறது. கத்தோலிக்க இறையியல் கற்பிப்பவர்கள் திருச்சபை அதிகாரியிடம் ஆணை பெற்றிருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 812-ஆம் விதி. இதனால் உண்மையான உரசல்கள் வந்திருக்கின்றன, ஆசிரியர்கள் பாதிக்கப்பட்டும் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விதி இறையியல் ஆசிரியர்களுக்கானது. பொது உரைக்கு வரும் இயற்பியலாளருக்கோ பொருளியலாளருக்கோ அரங்கில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கோ அது பொருந்தாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். 1852-இல் அயர்லாந்தின் டப்ளினில் ஜான் ஹென்றி நியூமன் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குரு, அங்கே ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கப்படுவதற்கு முன்னால், பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பதைப் பற்றித் தொடர் உரைகள் நிகழ்த்தினார். பல்கலைக்கழகம் 1854-இல்தான் திறந்தது. உரை முதலில், கட்டடம் பிறகு! எல்லா அறிவுக்கும் இடம் தருவதாகச் சொல்லும் ஓர் இடம் இறையியலை மட்டும் வெளியே நிறுத்தினால், அந்த வெற்றிடத்தை மற்றத் துறைகள் தம் எல்லை தாண்டி வந்து நிரப்பும் என்பது அவர் வாதங்களில் ஒன்று. நீங்கள் இதை ஏற்க வேண்டும் என்று சொல்லவில்லை. மறுக்க வேண்டுமானால் மறுக்க ஏற்ற இடம் அந்த அரங்கம்தான், போய் அங்கேயே எழுந்து மறுத்துப் பேசுங்கள்.

கலிலியோவைத் தண்டித்தவர்கள் அறிவியல் உரை நடத்துவதை எப்படி நம்புவது?

கலிலியோவின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் நான் கேட்பேன், ஏனென்றால் அதன் முதல் அத்தியாயம் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில்தான் நடக்கிறது. 1611-இல் உரோமையில் இயேசு சபையினர் (ஒரு கத்தோலிக்கத் துறவு சபை) நடத்திய கல்லூரியின் கணித அறிஞர்கள், கிறிஸ்டோபர் கிளாவியுஸ் முதலானோர், கலிலியோ தொலைநோக்கியில் கண்டதைத் தாங்களும் பார்த்துப் பெரும்பாலும் சரி என்று உறுதிசெய்தார்கள். அதே ஆண்டு மே மாதம் அந்தக் கல்லூரி அவரை வரவேற்றுப் பாராட்டுக் கூட்டமே நடத்தியது. அடுத்த அத்தியாயங்கள் உங்களுக்குத் தெரிந்தவை: 1616-இல் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொள்கைக்குத் தடை, 1633-இல் விசாரணையும் தண்டனையும். 1992-இல் இரண்டாம் ஜான் பால் அந்த வழக்கில் இறையியலாளர்கள் தவறியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மிகவும் தாமதம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் இன்னொரு கதையையும் பக்கத்தில் வையுங்கள். ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு, பெல்ஜியத்தின் லூவென் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அண்டம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதினார், 1931-இல் அண்டம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்ற கருத்தை வைத்தார். இன்று பெருவெடிப்பு என்று நாம் சொல்வதன் முன்னோடி அதுதான். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஓர் உரையில் இந்த அறிவியலைப் படைப்புக் கொள்கைக்குச் சான்று போலப் பேசினார். அதில் மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமைத்ர்தானே? அவர் மகிழவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது, இரண்டையும் கலக்கக் கூடாது என்ற கருத்தில் உறுதியாக இருந்தார். மறு ஆண்டு வானியலாளர்கள் முன் பேசியபோது திருத்தந்தை அந்த ஒப்பீட்டைத் திரும்பச் சொல்லவில்லை. தன் திருச்சபைத் தலைவருக்கே ‘இது அறிவியலின் எல்லை’ என்று உணர்த்தக்கூடிய ஒரு குரு ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நிறைவாக இருக்கிறது.

கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆண்டுதோறும் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவை ஒருங்கிணைப்பது என் வேலை. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் வரவேற்புரை, வாழ்த்துரை, அறிமுகவுரை எல்லாம் முடிந்து பேச்சாளர் எழும்போதே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. கேள்விக்குக் கடைசியில் ஐந்து நிமிடம்கூட மிஞ்சுவதில்லை. என்ன செய்வது?

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது அம்மா, ஏனென்றால் இது உங்கள் கல்லூரியில் மட்டும் நடப்பது இல்லை. தொலைவிலிருந்து ஒரு அறிஞரை வரவழைத்து, அவர் வாழ்நாள் முழுவதும் யோசித்த ஒன்றைச் சொல்ல வைத்து, அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க விடாமல் நன்றியுரையோடு கூட்டத்தை முடிப்பது பெரிய இழப்பு.

முதல் வேலை, நிகழ்ச்சி நிரலைக் கேள்வி நேரத்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ‘மீதி இருந்தால் கேள்வி’ என்று எழுதாமல் கேள்விக்கு நாற்பது நிமிடம் என்று முதலில் எழுதிவிடுங்கள். உரைக்கு நாற்பத்தைந்து நிமிடம், அதற்கு மேல் கேட்பவரின் கவனம் நிற்காது, எவ்வளவு நல்ல பேச்சாளராக இருந்தாலும். மிச்சம் இருப்பதில் வரவேற்பும் நன்றியும் அடங்கட்டும். பேச்சாளரின் பட்டங்களையும் பதவிகளையும் ஒரு தாளில் அச்சடித்து இருக்கையில் வைத்துவிட்டால் அறிமுகவுரை மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். வாழ்த்துரை சொல்ல வேண்டிய பெரியவர்கள் வருத்தப்படுவார்களே என்பீர்கள். அவர்களை நெறியாளராக உட்கார வையுங்கள், பொறுப்பும் மரியாதையும் இரண்டும் இருக்கும்.

நெறியாளரை முன்கூட்டியே தயார்செய்யுங்கள், இது பலர் விட்டுவிடும் இடம். கேள்வி என்று எழுந்து தனி உரை நிகழ்த்துபவரைப் பண்போடு நிறுத்தத் தெரிய வேண்டும். முதல் கேள்வியை மாணவருக்குக் கொடுக்க வேண்டும். ஒரு மூத்த பேராசிரியர் முதலில் எழுந்துவிட்டால் அப்புறம் இளையவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். மூன்று கேள்விகளைச் சேர்த்து வாங்கி ஒன்றாகப் பதில் சொல்லச் சொல்வது நேரம் மிச்சம் போலத் தெரியும், ஆனால் பேச்சாளர் எளியதற்குப் பதில் சொல்லிவிட்டுக் கடினமானதைத் தாண்டிப் போக அது வழி செய்கிறது. ஒவ்வொன்றாகவே வாங்குங்கள். எழுந்து பேசக் கூச்சப்படுபவர்களுக்காகச் சீட்டும் பேனாவும் வையுங்கள், வந்த சீட்டில் கடினமானதை ஒதுக்காமல் படிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்பவர் கையிலும் ஒலிவாங்கி இருக்கட்டும், காது மந்தமானவர்களும் அரங்கில் இருப்பார்கள்.

அப்புறம், என் அனுபவத்தில் மிக நல்ல பலன் தந்தது இது: மாலையில் பொது உரை, மறுநாள் காலை அதே விருந்தினரோடு இருபது பேருக்கு மேல் போகாத கருத்தரங்கு. இரவு முழுக்க யோசித்துவிட்டு வரும் கேள்விகள் வேறு தரத்தில் இருக்கும். பேச்சாளருக்கும் அதுதான் பிடிக்கும்.

ஆண்டுக்கொருமுறை வரும் உரையைக் காற்றோடு விடாதீர்கள். அமெரிக்காவில் இயேசு சபையினரின் மார்க்கெட் பல்கலைக்கழகம் 1937 முதல் அக்குவினாஸ் சொற்பொழிவு நடத்தி, உரைகளைச் சிறு நூலாக வெளியிட்டு வருகிறது. அந்த வரிசையை எடுத்துப் படித்தாலே மெய்யியல் எந்தத் திசைகளில் நகர்ந்தது என்று தெரியும். உங்கள் கல்லூரியால் நூல் போட முடியாவிட்டாலும் உரையின் எழுத்து வடிவத்தைக் கேள்வி பதில்களோடு சேர்த்து நூலகத்தில் வைக்க முடியும்.

திருச்சபைப் போதனையோடு முரண்படும் அரசியல்வாதியைக் கத்தோலிக்கக் கல்லூரி பேச அழைக்கலாமா? எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தில் இதில் பெரிய சண்டை.

இந்தச் சண்டை பெரிய இடங்களிலும் நடந்திருக்கிறது. 1984 செப்டம்பரில் நியூயார்க் மாநில ஆளுநர் மாரியோ குவோமோ, தானும் கத்தோலிக்கர், நோட்டர் டேம் என்ற அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கருக்கலைப்பில் தன் சொந்த நம்பிக்கையும் பன்மைச் சமூகத்தின் சட்டமும் ஏன் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று வாதிட்டார். கடும் எதிர்ப்பு வந்தது. ஆனால் அவர் வாதத்தோடு மோதுபவர்களும் அதைத் தழுவுபவர்களும் இன்னும் அந்த உரையை எடுத்துப் படிக்கிறார்கள். 2009 மே மாதம் அதே பல்கலைக்கழகம் பட்டமளிப்பு விழாவுக்கு அதிபர் ஒபாமாவை அழைத்து மதிப்புறு முனைவர் பட்டமும் கொடுத்தது, பல ஆயர்கள் (பிஷப்புகள்) வெளிப்படையாகக் கண்டித்தார்கள். திருச்சபையின் அடிப்படை அறக் கொள்கைகளுக்கு எதிராகச் செயல்படுபவர்களுக்குக் கத்தோலிக்க நிறுவனங்கள் மரியாதையோ ஆதரவாகத் தோன்றும் மேடையோ தரக் கூடாது என்று அமெரிக்க ஆயர்கள் 2004-இல் அறிக்கை விட்டிருந்ததுதான் அதற்குப் பின்னணி.

என் கருத்து இது. விருது கொடுப்பதும் விவாதிக்க அழைப்பதும் ஒன்றல்ல. பட்டமளிப்பு விழாவில் யாரும் எழுந்து கேள்வி கேட்க முடியாது, அங்கே பேசுபவர் கல்லூரியின் பாராட்டைப் பெற்றுக்கொண்டு போகிறார். பொது உரையில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். முரண்படுபவரை அழையுங்கள், ஒரு மணி நேரம் கேள்விக்கு ஒதுக்குங்கள், போதனையை நன்கு அறிந்த ஒருவர் மறுமொழி சொல்லட்டும். கேள்விக்குச் சம்மதிக்காதவரை எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் அழைக்காதீர்கள்.

குருக்கள் செய்த பாலியல் கொடுமைகளைப் பற்றி இந்தக் கல்லூரிகள் பேசுமா? பேசாத வரை வேறு எதைப் பேசினாலும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

உங்கள் நிலை எனக்குப் புரிகிறது. பேசியிருக்கிறார்கள், தாமதமாக என்றாலும். 2002 தொடக்கத்தில் பாஸ்டன் மறைமாவட்டத்தின் கொடுமைகள் செய்தித்தாளில் வெளியானபோது, அதே நகரப் பகுதியில் உள்ள இயேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரி ‘இருபத்தோராம் நூற்றாண்டில் திருச்சபை’ என்ற முயற்சியை அதே ஆண்டு தொடங்கி, நெருக்கடியைப் பற்றிப் பொது மேடைகளில் பேச வைத்தது. 2012 பிப்ரவரியில் உரோமையின் கிரகோரியன் பல்கலைக்கழகம் ஒரு கருத்தரங்கு நடத்தியது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆயர் பேரவைகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்திருந்த அவையில், சிறுமியாக இருந்தபோது ஒரு குருவால் பாதிக்கப்பட்ட அயர்லாந்தின் மேரி காலின்ஸ் எழுந்து தனக்கு நடந்ததைச் சொன்னார்.

பேசிவிட்டதால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கப்பட்டவர் மேடையில் இல்லாமல், நிபுணர்கள் மட்டும் பேசிக் கலையும் கருத்தரங்கை நீங்கள் நிராகரித்தால் நானும் உங்களோடு நிற்பேன். உங்கள் ஊர்க் கல்லூரிக்கு இந்தத் தலைப்பில் உரை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் தரும் பதிலே உங்களுக்கு நிறையச் சொல்லும்.

நான் முஸ்லிம். ஒரு கத்தோலிக்கக் கல்லூரி உரையில் பேச்சாளர் எங்கள் மார்க்கத்தைப் பற்றிப் பழைய நூல் ஒன்றிலிருந்து புண்படுத்தும் மேற்கோளைச் சொன்னார். எழுந்து வந்துவிட்டேன். இனி போக வேண்டுமா?

எழுந்து வந்தது உங்கள் உரிமை. ஆனாலும் 2006-ஐ நினைவுபடுத்த அனுமதியுங்கள். செப்டம்பர் 12 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், தாம் முன்பு பேராசிரியராக இருந்த ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் (அது அரசுப் பல்கலைக்கழகம்) நம்பிக்கையும் பகுத்தறிவும் பற்றி உரையாற்றினார். இடையில் ஒரு பைசாந்தியப் பேரரசர் இஸ்லாத்தைப் பற்றிச் சொன்ன கடுமையான வாசகத்தை எடுத்துக்காட்டினார். உலகம் முழுக்க முஸ்லிம்கள் புண்பட்டார்கள், வன்முறையும் நடந்தது. அது தம் கருத்து அல்ல என்று அவர் விளக்கி வருத்தமும் தெரிவித்தார்.

அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. ஒரு மாதத்தில் 38 முஸ்லிம் அறிஞர்கள் அந்த உரையின் தவறுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டித் திறந்த மடல் எழுதினார்கள். மறு ஆண்டு 138 பேர் சேர்ந்து, இறையன்பும் பிறரன்பும் இரு சமயத்துக்கும் பொது என்று கிறிஸ்தவத் தலைவர்களுக்கு இன்னொரு மடல் எழுதினார்கள். 2008 நவம்பரில் உரோமையில் கத்தோலிக்க – முஸ்லிம் மன்றம் கூடியது. புண்படுத்திய ஓர் உரைக்கு அறிஞர்கள் தந்த பதில் இது.

நீங்களும் அந்தக் கல்லூரி முதல்வருக்கு எழுதுங்கள்: மேற்கோள் எது, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது, எங்கே பிழை என்று. அதே மேடையில் ஒரு முஸ்லிம் அறிஞர் அதே தலைப்பில் பேச வேண்டும் என்று கேளுங்கள். பிற சமயத்தவரோடு உரையாட 1965-இல், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் ஏடு ஒன்றில் திருச்சபையைக் கேட்டுக்கொண்டது, முஸ்லிம்களை மதிப்போடு நோக்குவதாகவும் அதே ஏடு சொல்கிறது. அதை அவர்களுக்கு நினைவூட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எங்கள் உரைத் தொடருக்குப் பதினைந்து பேர்கூட வருவதில்லை. நிறுத்திவிடலாமா?

வேண்டாம். 1865 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இன்று செக் நாட்டில் உள்ள புரூன் நகர இயற்கை ஆய்வாளர் சங்கத்தில் கிரெகோர் மெண்டல் என்ற அகுஸ்தீன் சபைத் துறவி பின்னாளில் மரபியலுக்கே அடிப்படையான தன் பட்டாணிச் செடி ஆய்வை இரண்டு மாலைகளில் வாசித்தார். மறு ஆண்டு அச்சிலும் வந்தது. 1900 வரை அதன் பெறுமதி பெரும்பாலும் யாருக்கும் தெரியவில்லை. வருகிற பதினைந்து பேருக்கும் நல்ல உரை கொடுங்கள், எழுதி வையுங்கள். தேர்வு வாரத்தில் வைக்கிறீர்களா, வேலைக்குப் போகிறவர்கள் வர முடியாத பிற்பகலில் வைக்கிறீர்களா என்று மட்டும் சரிபாருங்கள்.

கேள்வி மனத்தில் இருக்கிறது, எழுந்தால் நா வறண்டுவிடுகிறது. எப்படிக் கேட்பது?

உரை நடக்கும்போதே எழுதிவிடுங்கள், இரண்டு வரிக்குள். ‘நீங்கள் இப்படிச் சொன்னீர்கள்’ என்று பேச்சாளர் சொன்ன ஒன்றை முதல் வரியில் சொல்லுங்கள், இரண்டாவது வரியில் உங்கள் ஐயம். அவ்வளவுதான், உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. தாளைப் பார்த்துப் படிக்கலாம், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். பதில் புரியவில்லை என்றால் ‘ஓர் எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?’ என்று ஒருமுறை தொடரலாம். அதன் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால் கூட்டம் கலையும்போது அருகில் போய்ப் பேசுங்கள்.

உரையைக் கைபேசியில் பதிவு செய்யலாமா?

ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கருத்தரங்கு என்றால் பேச்சாளரிடமும் கேளுங்கள், அங்கே படிக்கப்படுவது பெரும்பாலும் முடிவடையாத கட்டுரை. பல கல்லூரிகள் தாங்களே பதிவு செய்து இணையத்தில் போடுகின்றன, ஆனால் கேள்வி பதில் பகுதியை வெட்டிவிட்டுப் போடுகிறார்கள். வெட்டாமல் போடச் சொல்லி அவர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.